வாங்கப்போகும் ஆர்.வி.-6இல் யார் கை வைக்கலாம், யார் கையெழுத்துப் போடலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் பக்கம் ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் கட்டிய ஆர்.வி.-6 விமானத்தை விற்கிறார். நீங்கள் வாங்க நினைக்கிறீர்கள். காரின் எஞ்சினை நீங்களே பிரித்து மாட்டுகிறவர் என்பதால் விமானத்தையும் நீங்களே பராமரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் இருக்கும் மரப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு இலையின் கோணம் மாறும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லர் போடவும், பாட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னட்டோவுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கவும் ஆசை. "எக்ஸ்பெரிமெண்டல் என்றால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) எதிலும் தலையிடாது" என்று ஒரு நண்பர் சொன்னாராம், அது உண்மையா என்பது கடைசிக் கேள்வி. இவை நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். நான் கட்டாத விமானத்தில் எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது, எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதுதான் அது. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில் ஏ அண்ட் பி லைசென்ஸ் (விமான உடல், எஞ்சின் இரண்டுக்குமானது) வைத்திருக்கும் மெக்கானிக். பதினாறு ஆண்டுகளாகச் சிறு விமானங்களில் வேலை செய்கிறேன். ஒரு ஆர்.வி.-7ஐ ஆறு வருடம் எடுத்து என் கராஜில் கட்டி, இன்றும் அதில் பறக்கிறேன். சட்ட ஆலோசகன் இல்லை. நீங்கள் பார்த்திருக்கும் விமானத்தையும் நான் பார்த்ததில்லை. கீழே வருவது எல்லாம் அமெரிக்க விதிகளை வைத்து எழுதியது.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானங்கள் "எக்ஸ்பெரிமெண்டல், அமெச்சூர் பில்ட்" என்ற பிரிவில் வருகின்றன. விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் ஒருவரோ சிலரோ உருவாக்கி, இணைத்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பலர் இதைக் குழப்பிக்கொண்டு, பிற்பாடு செய்யும் பழுதுபார்ப்பிலும் பாதிக்கு மேல் உரிமையாளரே செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அந்தக் கணக்கு சான்றிதழ் வாங்கும் நாளோடு முடிந்துபோகிறது. செஸ்னா, பைப்பர் போன்ற கம்பெனி விமானங்களில் யார் எந்த வேலையைச் செய்யலாம், எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது எஃப்.ஏ.ஏ. விதிகளின் பார்ட் 43. அந்த பார்ட் 43இன் முதல் பிரிவே எக்ஸ்பெரிமெண்டல் சான்றிதழ் உள்ள விமானங்களுக்குத் தான் பொருந்தாது என்று விலக்கி வைக்கிறது. முன்பு வேறு வகைச் சான்றிதழ் வைத்திருந்த விமானங்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. வீட்டில் கட்டிய ஆர்.வி.-6க்கு அந்தச் சிக்கல் வராது.

ஆகவே முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் மட்டும் இல்லை. சிலிண்டரைக் கழற்றலாம், பிரேக்கைப் பிரிக்கலாம், வயரிங்கை முழுதாக மாற்றிப் போடலாம், இறக்கையில் பட்ட அடியைக்கூடச் சரிசெய்யலாம். லைசென்ஸ் தேவையில்லை. விமானத்தைக் கட்டியவராக இருக்க வேண்டியதும் இல்லை, அதன் உரிமையாளராகக்கூட இருக்க வேண்டியதில்லை. இது சட்டப்படி உறுதியான விஷயம். சந்தேகமே வேண்டாம்.

உங்கள் நண்பர் விட்டுவிட்டது இதற்கு அடுத்த பகுதி. இந்த வகை விமானம் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழோடு சேர்த்து "ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸ்" என்று சில பக்கங்கள் கொடுப்பார்கள். அது சான்றிதழின் ஒரு பகுதி, விமானத்திலேயே இருக்க வேண்டும். பழைய விமானம் வாங்குகிறவர்கள் பெயின்ட், ரேடியோ, எஞ்சின் மணிநேரம் எல்லாம் பார்ப்பார்கள். இந்தத் தாள்களைக் கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் கேட்பது இதைத்தான். எஃப்.ஏ.ஏ. தலையிடும் இடங்கள் பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஆளையோ பொருளையோ ஏற்றிப் பறக்கக் கூடாது என்பது அதில் இருக்கும். 12 மாதத்துக்கு ஒரு முறை "கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன்" முடித்து லாக் புக்கில் எழுதாமல் பறக்கக் கூடாது என்பதும் இருக்கும். அந்தச் சோதனை பார்ட் 43இன் பின்னிணைப்பு டி-யில் சொன்ன அளவுக்கு விரிவாக இருக்க வேண்டும். வாசலில் ஒதுக்கிவைத்த பார்ட் 43, சோதனைப் பட்டியலாக மட்டும் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

ஆக, வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும் ஸ்பேனர் பிடிக்கலாம். வருடத்துக்கு ஒரு கையெழுத்தை மட்டும் எல்லோரும் போட முடியாது. 2025இல் விதி மாறும்வரை மூன்று பேருக்குத்தான் அந்த உரிமை இருந்தது: ஏ அண்ட் பி மெக்கானிக், உரிய தகுதியுள்ள ரிப்பேர் ஸ்டேஷன், அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கென ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கிய அதன் முதன்மைக் கட்டுநர். இப்போது, உரிய பயிற்சி முடித்து வேறொரு வகை ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கும் உரிமையாளருக்கும் வழி இருக்கிறது. கம்பெனி விமானத்தின் வருடாந்தரச் சோதனைக்குத் தேவைப்படும் ஐ.ஏ. என்ற கூடுதல் அனுமதி இதற்கு வேண்டாம். சோதனை முடித்தவர், பின்னிணைப்பு டி-யின் அளவுக்கும் விரிவுக்கும் ஏற்பச் சோதித்தேன், பாதுகாப்பாக இயக்கத்தக்க நிலையில் இருக்கிறது என்று எழுதுவார். "ஏர்வொர்தி" என்று எழுதக் கூடாது. அந்தச் சொல்லுக்கு, அங்கீகரித்த வடிவமைப்போடு ஒத்துப்போகிறது என்றும் பொருள் உண்டு. வீட்டு விமானத்துக்கு அப்படியொரு அங்கீகரித்த வடிவமைப்பே இல்லையே, எதோடு ஒப்பிடுவது? லாக் புக்கில் வருடாவருடம் "ஏர்வொர்தி" என்றே எழுதியிருந்தால், கையெழுத்துப் போட்டவர் அந்தத் தாள்களைப் படிக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும். வேறு எதையெல்லாம் பார்க்காமல் விட்டார் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

ரிப்பேர்மேன் சான்றிதழ் விமானத்தோடு கைமாறாது. நீங்கள் விலை கொடுத்து வாங்குவது விமானத்தை மட்டும்தான். அந்தச் சான்றிதழ் கட்டியவரிடமே இருக்கும், விற்ற பிறகும் அந்த விமானத்துக்கு அது செல்லும். இதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. விற்பவர்தான் கட்டியவர் என்றும் உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், முதல் இரண்டு வருடச் சோதனையை அவரையே செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேனலாகத் திறந்து பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தவறில்லை. அந்த விமானத்தின் உள்பக்கம் அவர் மனதில் இருக்கும் அளவுக்கு எந்த மெக்கானிக்கின் மனதிலும் இருக்காது.

கிரீன் கார்டு இப்போதுதான் வந்தது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது இங்கே முக்கியம். தனிநபர் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். கட்டுநருக்கான ரிப்பேர்மேன் சான்றிதழுக்கும் அதே நிபந்தனை, கூடவே 18 வயது. எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் கிட் வாங்கி, கராஜில் பாதி கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தக் கவலை தீர்ந்தது.

வேறொரு இடத்தில் ஒருவர், கட்டாதவரும் கையெழுத்துப் போடலாம் என்று உறுதியாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் மேலே சொன்ன புது விதியை நினைத்திருக்கலாம், அல்லது கனடாக்காரராக இருக்கலாம். அங்கே அமெச்சூர் விமானத்தின் உரிமையாளர், கட்டியவர் இல்லையென்றாலும், பராமரிப்புக்குத் தானே கையெழுத்திட முடியும். பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். அங்கே லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் வழியாகத்தான் பறக்கும் அனுமதி வருகிறது, மாற்றம் எதுவானாலும் செய்வதற்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். ஆர்.வி. விமானங்கள் எல்லா ஊரிலும் பறப்பதால் இணையத்தில் மூன்று நாட்டுப் பதில்களும் ஒன்றாகக் கலந்துகிடக்கும். யார் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

இதுவரை சொன்னது உரிமை. பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் பார்த்துத் தரும்படி ஒருவர் என்னை ஒரு ஆர்.வி.-6க்குக் கூட்டிப்போனார். பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. லாக் புக்கில் போன மாதம்தான் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன் முடிந்ததாகக் கையெழுத்து இருந்தது. சீட்டை எடுத்து, அடித்தளத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பாதி ஸ்க்ரூக்களின் தலையில் பெயின்ட் உடையவே இல்லை. அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உள்ளே, கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து மூக்கை ஏற்றி இறக்கும், வாலில் உள்ள எலிவேட்டருக்குப் போகும் தள்ளு தண்டு இருக்கிறது. அதன் முனையில் ஒரு ராட்-எண்ட் பேரிங், அது தானாகத் திருகிக் கழலாமல் இறுக்கிப் பிடிக்க ஒரு ஜாம் நட்டு. அந்த நட்டை விரலால் தொட்டேன், சுழன்றது. இறுக்கியதற்கு அடையாளமாக வைக்கும் வண்ணக் கோடு இல்லை. நட்டு உட்கார வேண்டிய இடத்தில் அலுமினியம் தேய்ந்து வெள்ளி வளையமாகப் பளபளத்தது. எத்தனை மணிநேரம் அப்படியே பறந்ததோ தெரியாது. இறுக்க வேண்டியது ஒரே ஒரு நட்டு, ஐந்து நிமிட வேலை. அந்தத் தகட்டை யாரும் திறக்காததால் அது அப்படியே இருந்தது. நீங்கள் பார்க்கும் விமானத்தில் எல்லாத் தகடுகளையும் திறக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், அடுத்த விமானத்தைப் பாருங்கள்.

தளர்ந்த நட்டைக் கண்டுபிடித்துவிடலாம். கட்டியவர் நல்லெண்ணத்தோடு எடுத்த ஒரு முடிவைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது லாங்-ஈஸி என்ற வீட்டு விமானத்தில். அதை அவர் கட்டவில்லை, பழையதாக வாங்கியது. வாங்கிக் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில் எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வு விமானியின் இரு கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு முன்னால் இருக்கும். கட்டியவர் பெட்ரோல் குழாய் உட்காரும் இடத்துக்குள் வரவே கூடாது என்று நினைத்து, வால்வைப் பின்சுவருக்குக் கொண்டுபோய், கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தீ விபத்தை நினைத்தால் அது நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கைப்பிடியைத் திருப்ப விமானி குச்சியை விட்டுவிட்டு, வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை அழுத்திவிடும். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்தத் தொட்டி என்ற குறியே இல்லை, பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியிலும் அளவுக்குறி இல்லை. கைப்பிடி இறுக்கமாகவும் இருந்தது. எட்டவில்லை என்பது புறப்படும் முன்பே தெரிந்து, கட்டிங் பிளையர் போல ஒன்றைப் பிடித்து நீட்டிப் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. பெட்ரோல் நிரப்பாமலே கிளம்பினார். விசாரணை வாரியம், வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது ரடர் அழுந்தி, கட்டுப்பாடு போனதைக் காரணமாகச் சொன்னது. வால்வு இருந்த இடம், குறியிடாதது, அந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது ஆகியவற்றைத் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. வால்வை இடம் மாற்றியதில் கட்டியவர் எந்த விதியையும் மீறவில்லை. இந்தப் பிரிவில் கட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. அதனால்தான் வாங்குகிறவர் ஒவ்வொரு கைப்பிடியையும், இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

இது ஒரு பிரபலத்தின் தனிக்கதை என்று விட்டுவிட வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 2011இல் நடந்த 224 வீட்டு விமான விபத்துகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 14, பழைய விமானம் வாங்கிய புது உரிமையாளரின் முதல் பறப்பிலேயே நடந்தவை. அந்த ஆண்டு விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், ஓட்டியவர் கட்டாமல் வாங்கியவை. எஞ்சின் சக்தி போவதும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான் அதிகம் காணப்பட்ட வகைகள். இந்த எண்ணிக்கை பழையது. என் அனுபவத்தில் அதன் வடிவம் இன்னும் மாறவில்லை.

சரி, புரொப்பெல்லருக்கு வருவோம். நிலையான கோணமுள்ள மரப் புரொப்பெல்லரிலிருந்து கான்ஸ்டன்ட் ஸ்பீடுக்கு மாறுவது பெரிய மாற்றம், அதாவது "மேஜர் சேஞ்ச்". இதில் கருத்து வேறுபாடு கிடையாது. எடை, எடைமையம், எஞ்சினின் அதிர்வு, ஏறும் வேகம் எல்லாம் மாறுகின்றன. அண்மைக் காலத்தில் தந்த ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸில் இதற்கு வழி எழுதியிருக்கும். எஃப்.ஏ.ஏ.வின் உள்ளூர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, சோதனைப் பறப்புக்கான பகுதிக்கு ஒப்புதல் வாங்கி, விமானத்தை மறுபடி முதல் கட்டமான ஃபேஸ் ஒன்றில் வைத்து, குறைந்தது 5 மணிநேரம் தனியாகப் பறந்து சோதித்து, லாக் புக்கில் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தந்த சில தாள்களில் இந்த வசதி இருக்காது. அலுவலகத்தின் பதில் வரும்வரை சான்றிதழ் செல்லாது என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் புதிய வாசகத்தில் தாள்களை மறுபடி எழுதித் தரும்படி விண்ணப்பிக்கலாம். உங்கள் விமானத்துக்கு இதில் எது என்பது, அதன் தாள்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் லாக் புக்கில் தேடுங்கள். விமானம் புதிதாக இருந்தபோது ஃபேஸ் ஒன் 25 மணிநேரமோ 40 மணிநேரமோ இருந்திருக்கும். எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்றிதழ் பெற்ற ஜோடியாக இருந்தால் 25, இல்லாவிட்டால் 40. முடிந்ததும், சோதனை மணிநேரம் முடிந்தது, எல்லா வேகங்களிலும் விமானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆபத்தான குணம் எதுவும் இல்லை என்று கட்டியவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், காகிதப்படி விமானம் இன்னும் சோதனைக் கட்டத்திலேயே நிற்கிறது என்று பொருள். அதை விற்பவர் கையால், விற்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.

புரொப்பெல்லர் மாற்றத்தில் காகிதத்தைவிட இரும்புக்குத்தான் அதிகச் சிந்தனை தேவை. கோணத்தை மாற்ற எஞ்சினின் ஆயில் அழுத்தம் கிராங்க்ஷாஃப்டின் முன்பக்கம் வழியாகப் போய்ச் சேர வேண்டும். உள்ளே துளையில்லாத கிராங்க்ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் இது நடக்காது. அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவியைப் பொருத்த இடமும் வேண்டும். எஞ்சின் ஓ-320 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது போதாது, அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் வேண்டும். அடுத்தது அதிர்வு. உலோக இலையும் எஞ்சினும் சேர்ந்து சில வேகங்களில் ஒன்றையொன்று உலுக்கும். ஓ-360 எஞ்சினோடு ஹார்ட்சல் கம்பெனிப் புரொப்பெல்லரின் ஒரு பழைய வகையைப் போட்டால் 2,000க்கும் 2,250க்கும் இடைப்பட்ட சுற்று வேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று டேக்கோமீட்டரில் குறியிடுவது அதனால்தான். மரம் அந்த அதிர்வைத் தானே தின்றுவிடும், உலோகம் தாங்கிக்கொண்டே இருந்து ஒருநாள் விரிசல் விடும். எடைமையமும் முன்னால் நகரும். ஆர்.வி.-6இல் இரண்டு பேரும் பின்னால் மூட்டையும் இருந்தால் மையம் பின்எல்லையை நெருங்குவது வழக்கம், எனவே மூக்கில் கொஞ்சம் எடை கூடுவது பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் பழைய தாளில் கூட்டிக்கழித்து எழுதாதீர்கள். மூன்று தராசுகளில் நிறுத்திப் புதிதாக எடை பாருங்கள். கட்டியவரின் முதல் எடைக்கணக்கில் பிழை இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெரிய மாற்றமா என்பதில்தான் மெக்கானிக்குகளே இரண்டாகப் பிரிகிறார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் வேறு பெட்டியிலிருந்து வருகிறது, அவ்வளவுதானே என்பார்கள் ஒரு சாரார். சக்தியும் நம்பகத்தன்மையும் மாறினால் பெரிய மாற்றம்தான் என்பார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாவது பக்கம். தகவல் கொடுத்துவிட்டு ஐந்து மணிநேரம் பறப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும்போது காட்டப் பதிவும் இருக்கும். பொறியியல் காரணம் ஒன்றும் உண்டு. புரொப்பெல்லர் கம்பெனி அதிர்வுச் சோதனையைச் செய்தது மேக்னட்டோவும் சாதாரணப் பிஸ்டனும் உள்ள எஞ்சினில். தீப்பொறி விழும் நேரத்தை நீங்கள் மாற்றினால், அந்தச் சோதனை முடிவு உங்கள் எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. இரண்டு மாற்றத்தையும் ஒரே சமயத்தில் செய்யாதீர்கள். முதலில் ஒன்று, 20 அல்லது 30 மணிநேரம் பறந்த பிறகு மற்றது. ஏதாவது வித்தியாசமாகக் குலுங்கினால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். ஒரு பக்கம் மேக்னட்டோவை அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் சொந்த விருப்பம். பாட்டரி இறந்தாலும் மேக்னட்டோ பொறி தரும்.

இதே மாதிரி இன்னொரு முடியாத வாதம், கம்பெனி எஞ்சினுக்கு எஃப்.ஏ.ஏ. வெளியிடும் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் என்ற கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு வீட்டு விமானத்தில் இருக்கும் அதே எஞ்சினுக்குப் பொருந்துமா என்பது. உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது என்பார்கள், பொருந்தாது என்பார்கள். நான் அந்த வாதத்துக்குள் போவதில்லை. ஒரு ஆயில் பம்பின் பல்சக்கரம் உடையும் என்று உத்தரவு வந்திருந்தால், விமானத்தின் கதவில் எக்ஸ்பெரிமெண்டல் என்று எழுதியிருப்பது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. எனவே என் கையெழுத்துக்கு வரும் விமானங்களில் எல்லா உத்தரவுகளையும் தேடி, செய்தேன் என்றோ, பொருந்தவில்லை, காரணம் இது என்றோ எழுதிவிடுவேன்.

பெட்ரோல் பாதையில் ஒரு குழாயை மாற்றினாலும், ஒரு ஃபில்டரைச் சேர்த்தாலும், பறக்கும் முன் அளவுச் சோதனை செய்யுங்கள். கார் பழக்கத்தில் வருகிறவர்கள் தவறாமல் விட்டுவிடுவது இதைத்தான். வாலைத் தாழ்த்தியோ மூக்குப் பக்கச் சக்கரங்களை உயர்த்தியோ, பறக்கும்போது அதிகபட்சமாக மூக்கை உயர்த்தி ஏறும் கோணத்துக்கு விமானத்தைச் சாய்த்து வையுங்கள். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். தொட்டியில் குறைந்தபட்சப் பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். எலெக்ட்ரிக் பம்பைப் போட்டு கடிகாரத்தைப் பாருங்கள். பம்ப் உள்ள விமானத்தில் முழுச் சக்தியில் எஞ்சின் குடிக்கும் அளவைப்போல 125 சதவீதம் வர வேண்டும். பம்பே இல்லாமல் மேலிருந்து தானாக இறங்கும் அமைப்பு என்றால் 150 சதவீதம். 180 குதிரைச்சக்தி எஞ்சினுக்குத் தோராயக் கணக்கில் மணிக்கு 99 பவுண்டு, அதாவது 16.5 கேலன். அதன் 125 சதவீதம் 20.6 கேலன், நிமிடத்துக்கு 1.3 லிட்டர். பத்து லிட்டர் வாளி எட்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். ஒன்பது, பத்து என்று இழுத்தால் பறக்கக் கூடாது, எங்கோ அடைப்போ கூர்மையான வளைவோ இருக்கிறது. இரண்டு தொட்டிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆர்.வி.-6இல் இடது, வலது என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும், இரண்டும் சேர்ந்து வராது. செய்யும்போது விமானத்தையும் வாளியையும் தரையோடு ஒரு கம்பியால் இணைத்துக்கொள்ளுங்கள், ஹாங்கருக்கு வெளியே செய்யுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

அதுவரை மரப் புரொப்பெல்லர்தான் என்றால், அதன் போல்ட்களை மறக்காதீர்கள். ஹூஸ்டன் ஈரக்காற்றில் மரம் உப்பும், குளிர்காலத்தில் சுருங்கும். கோடையில் சரியாக இறுக்கியது ஜனவரியில் தளர்ந்திருக்கும். புரொப்பெல்லர் செய்தவர் சொன்ன அளவுக்கு, பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். ரப்பர் ஹோஸ்களின் மேல் இருக்கும் தேதிச் சீட்டையும் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே செதிலாக உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். அப்புறம், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும், விபத்து நேர்ந்தால் இடம் காட்டும் ஈ.எல்.டி. கருவிக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் உள்ள சோதனைகள் எல்லா விமானத்துக்கும் உள்ளவை. எக்ஸ்பெரிமெண்டல் என்று அவற்றில் சலுகை கிடையாது.

வாங்கிய பிறகு முதல் பறப்பை, ஆர்.வி. ஓட்டிப் பழகிய பயிற்சியாளரோடு மட்டும் செய்யுங்கள். உங்கள் சொந்த விமானத்தில் உங்களுக்குச் சொல்லித்தரப் பயிற்சியாளருக்குப் பணம் கொடுப்பதில் தடை இல்லை. ஈ.ஏ.ஏ. என்ற சங்கம் 1953இலிருந்து வீட்டு விமானக்காரர்களுக்காகவே இருக்கிறது. அதன் உள்ளூர்க் கிளைகளில் டெக்னிக்கல் கவுன்சிலர் என்று அனுபவசாலிகள் இருப்பார்கள், காசு வாங்காமல் வந்து பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது, வாங்கும் முன் ஒரு மெக்கானிக் செய்யும் முழுச் சோதனைக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

அடுத்த முறை விற்பவரைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்: ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸின் எல்லாப் பக்கங்களும் அதில் இருக்கும் தேதியும், எஞ்சினின் தகட்டில் உள்ள முழு மாடல் எண், லாக் புக்கில் ஃபேஸ் ஒன் முடிந்த பக்கம். விமானத்தின் பதிவெண், ஆட்களின் பெயர், முகவரி தெரியாமல் மறைத்துவிடுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, புரொப்பெல்லர் மாற்றத்துக்கு உங்கள் விமானத்தில் எந்த வழி என்று குறிப்பாகச் சொல்கிறேன்.